ஆண் மீனே இல்லாத தொட்டியில் 34 குட்டிகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

60 லிட்டர் தொட்டி. பின்பக்கம் தொங்கும் ஃபில்டர், 26 டிகிரி செல்சியஸில் வைத்த ஹீட்டர், ஒரு மூலையில் மரக்கட்டையைச் சுற்றி அடர்ந்துபோன ஜாவா பாசி. உள்ளே மூன்று பெண் கப்பி, எட்டு நியான் டெட்ரா, அடியில் மேயும் நான்கு கோரிடோராஸ். வீட்டில் கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் ஒரு மகள். கப்பி வாங்கும்போதே “ஆண் வேண்டாம், பெண் மட்டும் போதும்” என்று சொல்லி வாங்கியவர்கள். பெருகிவிட்டால் சமாளிக்க முடியாது என்ற முன்யோசனை. வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

ஒரு நாள் காலை அந்த வீட்டுக்காரர் என்னை அழைத்தார். “அண்ணா, தண்ணியில ஏதோ பூச்சி பூச்சியா ஓடுது. மருந்து ஏதாவது ஊத்தணுமா?”

எதையும் ஊற்ற வேண்டாம், முதலில் படம் எடுத்து அனுப்புங்கள் என்றேன். மீன் தொட்டியில் திடீரென்று சின்னதாக ஏதாவது தென்பட்டால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மருந்துதான். பூச்சிக்கு ஊற்றும் மருந்து குட்டியையும் கொல்லும் என்பதால் அடையாளம் கண்டுகொள்ளும்வரை கையைக் கட்டிக்கொண்டிருப்பது நல்லது.

படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பிளனேரியா புழுவானால் கண்ணாடியில் ஒட்டி வழுக்கிக்கொண்டு போகும். சைக்ளாப்ஸ் போன்ற நீர்ப்பூச்சிகள் குண்டூசித் தலையைவிடச் சிறியவை, விட்டு விட்டுத் துள்ளும். இவை சுமார் 7 மில்லிமீட்டர் நீளம், உடம்புக்கு மீறிய இரண்டு கறுத்த கண்கள், தெளிவான வால். ஓரிடத்தில் நின்று, நிழல் பட்டதும் அம்பாய்ப் பாசிக்குள் பாய்கின்றன. மீன் குட்டிதான், சந்தேகமே இல்லை.

பெற்றது யார்?

அந்தத் தொட்டியில் மூன்று இனங்கள். நியான் டெட்ராவும் கோரிடோராஸும் முட்டையிடுபவை. நியான் முட்டை பொரிய மிக மென்மையான, அமிலத்தன்மையுள்ள நீர் வேண்டும். அப்படியே பொரிந்தாலும் வெளிவருவது கண்ணாடித் துணுக்கு மாதிரி ஒன்று. சில நாள் நீந்தக்கூட முடியாமல் ஒட்டிக்கொண்டு கிடக்கும். கோரிடோராஸ் குஞ்சும் மஞ்சள்கருப் பையைச் சுமந்துகொண்டு அடியில்தான் கிடக்கும். பிறந்த கையோடு துடுப்பும் கண்ணும் முழுதாக அமைந்து நீந்துகிற குட்டி என்றால் அது குட்டி போடும் இனம்: கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால். இங்கே இருப்பது கப்பி மட்டும்.

அன்று மாலை நேரில் போனபோது தாயையும் அடையாளம் காண முடிந்தது. கப்பிக்குப் பிரசவம் நெருங்கும்போது வயிறு உருண்டையாக இல்லாமல் பெட்டிபோலக் கோணம் விழுந்து தொங்கும், வாலை ஒட்டிய கருந்திட்டு அகன்று இருண்டுபோகும். அந்த வீட்டு அம்மா முந்தைய வாரம் எடுத்திருந்த படங்களில் மூன்று பெண்களில் ஒன்று அப்படித்தான் இருந்தது. இப்போது அதே மீன் ஒட்டிய வயிறோடு, குட்டிகளை விரட்டிக்கொண்டிருந்தது. ஆமாம், தாய்தான். கப்பிக்குத் தாய்ப்பாசம் கிடையாது. வாயில் அடங்குவது எதுவும் தீனி.

அப்பன் யார் என்பதுதான் வீட்டில் பெரிய விவாதம். கடைக்காரர் ஆணைப் பெண் என்று கொடுத்துவிட்டாரோ என்று கணவருக்குச் சந்தேகம். அது நியாயமான சந்தேகம்தான், இளம் ஆண்கள் நிறம் ஏறும்வரை பெண்போலவே இருக்கும். ஆனால் இதைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. வயிற்றுக்குப் பின்னால் அடிப்பக்கம் இருக்கும் குதத்துடுப்பைப் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு அது விரித்த முக்கோணம். ஆணுக்கு அது மடிந்து நீண்டு குச்சிபோல இருக்கும், அதுதான் அதன் இனப்பெருக்க உறுப்பு. மூன்றுக்கும் முக்கோணம்தான்.

ஆணே இல்லாமல் பிறந்ததோ என்றாள் மகள். மீன்களில் பெண் மட்டுமே உள்ள இனம் ஒன்று உண்டு, அமேசான் மோலி. 1932-இல் மீனியல் ஆய்வாளர்கள் கார்ல் ஹப்ஸும் லாரா ஹப்ஸும் அதை விவரித்தார்கள். அதுகூட முட்டை வளர்ச்சியைத் தொடங்கிவைக்க நெருங்கிய இனத்து ஆணோடு சேர்ந்தாக வேண்டும். அந்த ஆணின் மரபணுதான் குட்டிக்குப் போவதில்லை. நம் கப்பிக்கு அந்த வித்தையும் தெரியாது.

விடை, தாயின் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. பெண் கப்பி ஒருமுறை சேர்ந்தால் அந்த விந்தைப் பல மாதங்கள் உள்ளே சேமித்து வைக்கும். ஒவ்வோர் ஈத்துக்கும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். எட்டு மாதம்வரை இப்படி ஓட்டும் என்பது மீன் வளர்ப்பவர்களிடையே பழகிய கணக்கு. டிரினிடாட் தீவின் ஓடைகளில் காட்டுக் கப்பிகளை வைத்து நடந்த ஆய்வில், ஆண்கள் செத்துப் பல மாதம் கழித்தும் அவற்றின் குட்டிகள் பிறந்துகொண்டே இருந்தது தெரியவந்தது. கடையில் ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில்தான் இருக்கும். பருவத்துக்கு வந்த பெண் கப்பி சும்மா வெளியே வருவதற்கு வழியே இல்லை. ஆகவே “பெண் மட்டும்” வாங்குவது குட்டியைத் தவிர்க்கும் வழி அல்ல. தவிர்க்க வேண்டுமானால் ஆண் மட்டும் வாங்க வேண்டும்.

இன்னொரு தடயமும் கிடைத்தது. பாசியை மெல்ல விலக்கியபோது பின்னால் இரண்டு பெரிய குட்டிகள், ஒன்றரை சென்டிமீட்டர் அளவில். கப்பிக்கு ஓர் ஈத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் நான்கு வாரம், நீர் சூடாக இருந்தால் கொஞ்சம் குறையும். இந்த இரண்டும் போன மாதத்து ஈத்து. அதாவது இது முதல் பிரசவமே இல்லை. முதல் ஈத்தை டெட்ராக்களும் தாய்மார்களும் தின்று தீர்த்திருக்கின்றன, தப்பியவை இந்த இரண்டுதான். வீட்டில் யாருக்கும் தெரியவே இல்லை, தொட்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை அங்கேயே சொன்னேன். மகள் முகம் சுண்டிப்போனது.

சுத்தமான தண்ணீர் செய்த வேலை

நான் போவதற்குள்ளாகவே ஒரு காரியம் முடிந்திருந்தது. டெட்ரா ஒரு குட்டியை விழுங்குவதை மகள் பார்த்துவிட, அம்மாவும் மகளும் உட்கார்ந்து, அகப்பட்ட குட்டிகளையெல்லாம் சின்ன வலையால் அள்ளி ஒரு 10 லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றியிருந்தார்கள். மொத்தம் 34. டப்பாவைப் பளிச்சென்று கழுவி, குளோரின் போக்கும் மருந்து விட்ட புதுத் தண்ணீர் நிரப்பி, ஹீட்டரும் காற்றுக்கல்லும் போட்டிருந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஃபில்டர் மட்டும் இல்லை. இழுத்துவிடுமே என்று பயம்.

அந்தப் பயமும் தவறல்ல. சாதாரண ஃபில்டரின் உறிஞ்சு குழாய்க்குள் கப்பிக் குட்டி போய்விடும். ஆனால் குழாய் முனையில் ஒரு பஞ்சைச் செருகினால் போதும், அல்லது காற்றில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் வைக்கலாம். பழைய தொட்டியின் ஃபில்டர் பஞ்சிலிருந்து ஒரு துண்டு வெட்டி டப்பாவில் போடச் சொன்னேன். செய்கிறோம் என்றார்கள். வார வேலையில் மறந்துபோனது.

ஐந்தாவது நாள் டப்பா நீர் பால் கலந்ததுபோல் மங்கியிருந்தது. குட்டிகள் எல்லாம் மேற்பரப்பில் ஒட்டி நின்று வாயைத் திறந்து திறந்து மூடின. துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, தொட்டாலும் ஓடாமல் சில. ஒன்பது இறந்துபோயிருந்தன.

சோதனைத் திரவம் போட்டுப் பார்த்தோம். டப்பாவில் அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம். பெரிய தொட்டியில் பூஜ்யம். இரண்டிலும் பி.எச்., அதாவது நீரின் அமில–கார அளவு, 8-ஐ ஒட்டி. பாசி படர்ந்து, அடியில் கழிவு தேங்கிய பழைய தொட்டியில் விஷம் இல்லை. பளிச்சென்று கழுவி வைத்த டப்பாவில்தான் இருந்தது. அந்த வீட்டு அம்மாவுக்கு இதை நம்பவே கொஞ்ச நேரம் பிடித்தது.

நடந்தது இதுதான். மீன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றும். மிஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியாவாகும். பழைய தொட்டியில் ஃபில்டர் பஞ்சிலும் மணலிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. புது டப்பாவில் அந்தப் பாக்டீரியா இல்லை, அது தானாக நிலைகொள்ள வாரக்கணக்கில் ஆகும். காற்றுக்கல் ஆக்ஸிஜனைக் கூட்டும், அம்மோனியாவை ஒன்றும் செய்யாது.

அம்மோனியாவின் குணம் பி.எச்.-ஐப் பொறுத்தது. நீரில் அது இரண்டு வடிவில் இருக்கும்: அதிகம் தீங்கில்லாத அம்மோனியம், செவுளைப் பொசுக்கும் அம்மோனியா. 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் விஷ வடிவம் ஒரு சதவீதம்கூட வராது. பி.எச். 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டும். இந்த டப்பாவில் 2 மில்லிகிராமில் 5 சதவீதம், அதாவது லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். விஷ வடிவம் 0.02-க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது வழக்கம் என்னும்போது இது ஐந்து மடங்கு. இதே 2 மில்லிகிராம் பி.எச். 7 உள்ள தண்ணீரில் இருந்திருந்தால் அநேகமாக ஒரு குட்டியும் செத்திருக்காது. ஒருவர் வீட்டில் தப்பிக்கிற அலட்சியம் இன்னொருவர் வீட்டில் கொல்வதற்கு இதுவே காரணம்.

அந்த 2 மில்லிகிராம் எங்கிருந்து வந்தது? குட்டிகள் உடம்பிலிருந்து வந்தது கொஞ்சம்தான். மீதி, தீனி. வேகவைத்த மஞ்சள் கருவைக் கரைத்து, நாளைக்கு ஆறு வேளை விட்டிருக்கிறார்கள். மஞ்சள் கரு மீன் குட்டிக்கு நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்பவர்கள், அது கரைந்த அடுத்த நிமிடமே தண்ணீரைக் கெடுக்கத் தொடங்கும் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. எனக்கு மஞ்சள் கருமேல் நல்ல அபிப்பிராயமே இல்லை. வேறு எதுவும் கிடைக்காத அவசரத்தில், ஊசி முனை அளவு, அரை மணியில் மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிடுவதாக இருந்தால் சரி. கப்பிக் குட்டிக்கு அது தேவையே இல்லை. பிறந்த அன்றே, பெரிய மீனுக்குப் போடும் செதில் தீனியை விரலால் தூளாக்கிப் போட்டால் தின்னும்.

மீட்பு

முதல் வேலை தீனியை நிறுத்தியது. ஒரு நாள் பட்டினி கப்பிக் குட்டியைக் கொல்லாது. அம்மோனியா கொல்லும்.

காற்றுக் குழாயை உறிஞ்சு குழாயாக வைத்து, முனையில் மெல்லிய வலைத்துணி கட்டி, அடியில் படிந்ததோடு சேர்த்துப் பாதித் தண்ணீரை இறக்கினோம். மாற்றாக ஊற்றியது குழாய்த் தண்ணீர் அல்ல, பெரிய தொட்டியின் தண்ணீர். வெப்பம், பி.எச். எல்லாம் ஒன்று, அம்மோனியா பூஜ்யம். பெரிய தொட்டிக்குக் குளோரின் நீக்கிய புதுத் தண்ணீர் போனது. அம்மோனியா 1-க்கு இறங்கியது. சில மணி நேரம் கழித்து மறுபடி பாதி மாற்றியபோது 0.5. ஒரே மூச்சில் முழுத் தண்ணீரையும் மாற்றிவிடலாமே என்று கணவர் கேட்டார். திணறிக்கொண்டிருக்கும் குட்டிகளை வலையில் அள்ளி, வேறு நீரில் போட்டு இன்னும் ஒரு அதிர்ச்சி கொடுப்பதைவிட இது மேல் என்று பட்டது.

அடுத்து, மறந்துபோன அந்தப் பஞ்சு. பெரிய தொட்டியின் ஃபில்டரில் இரண்டு பஞ்சு அடுக்குகள் இருந்தன. ஒன்றை எடுத்து, புது ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு ரப்பர் வளையத்தால் கட்டி டப்பாவில் ஓடவிட்டோம். இதைக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டுப் போட்டால் வேலைக்காகாது, குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். அழுக்கோடு போட வேண்டும், கழுவியே தீர வேண்டுமானால் தொட்டித் தண்ணீரில் ஓர் அலசு. மூன்றாம் நாள் அம்மோனியா பூஜ்யம். நைட்ரைட் மட்டும் சில நாள் 0.25 காட்டி, பிறகு அதுவும் போனது.

இடையில் யாரோ உப்புப் போடச் சொல்லியிருக்கிறார்கள். உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட் செவுள் வழியே ஏறுவதைத் தடுக்கும், அதற்கு மட்டும் உதவும். அம்மோனியாவுக்கு உப்பு மருந்தல்ல. பெரிய தொட்டியில் கோரிடோராஸ் இருக்கும்போது உப்புப் பொட்டலத்தைத் தூரமாகவே வைப்பது நல்லது.

தீனி பிறகு மூன்று வேளையாக மாறியது. கண்ணுக்குத் தெரியாத அளவு தூள், ஐந்து நிமிடத்தில் காலியாக வேண்டும். வாரத்தில் சில நாள் ஆர்ட்டீமியா, அதாவது முட்டை வாங்கிப் பொரிக்கவைக்கும் பொடி உப்புநீர் இறால். லிட்டருக்கு 25 கிராம் உப்புக் கரைத்து, 27 டிகிரி வெப்பத்தில், வெளிச்சமும் காற்றும் கொடுத்தால் ஒரு நாளில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தியதும் ஓடுகள் மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறப் புள்ளிகளாக உயிர்கள் அடியில் சேரும். அவற்றை மட்டும் இழுத்து நல்ல தண்ணீரில் அலசிக் கொடுக்க வேண்டும். பொரிந்த சில மணிக்குள் கொடுத்தால்தான் சத்து முழுதாக இருக்கும். மகள் இந்த வேலையை எடுத்துக்கொண்டாள். கப்பிக்கு இது கட்டாயமில்லை என்றாலும், ஆர்ட்டீமியா தின்ற குட்டியின் வயிறு ஆரஞ்சாக மின்னுவதைப் பார்த்த பிறகு யாரும் தூளோடு நிறுத்துவதில்லை.

பிறகு இரண்டு இறந்தன, அதில் ஒன்று முதுகு வளைந்தே பிறந்தது. 23 தேறின.

எத்தனை வேண்டும்?

இந்த நிகழ்வில் நான் முதல் நாளே கேட்ட கேள்வி ஒன்று: “இதில் எத்தனை உங்களுக்கு வேண்டும்?” மகள் “எல்லாம்” என்றாள். பெற்றோர் பதில் சொல்லவில்லை. குட்டிகளைக் காப்பாற்றுவது எப்படி என்று கேட்பவர்கள் நிறையப் பேர். எத்தனையைக் காப்பாற்றுவது என்று யோசிப்பவர்கள் குறைவு. என் பார்வையில் முதலில் முடிவு செய்ய வேண்டியது இரண்டாவதைத்தான். டப்பா எவ்வளவு பெரியது, ஃபில்டர் எது, எத்தனை வேளை தீனி என்பதெல்லாம் அந்த எண்ணிலிருந்து வருகிறது. 10 லிட்டரில் 34 குட்டி என்பதே ஐந்தாம் நாள் நெருக்கடிக்குப் பாதிக் காரணம். எட்டுக் குட்டியாக இருந்தால் அதே டப்பா, அதே அலட்சியம், ஒருவேளை தாங்கியிருக்கும்.

கணக்கைப் பாருங்கள். தாய் ஒன்று மாதத்துக்கு 30 குட்டி போடுகிறது என்று வைப்போம். பாதி பெண். மூன்று மாதத்தில் அந்த 15-உம் குட்டி போடும் பருவத்துக்கு வந்துவிடும். சின்னத் தாய்க்கு ஈத்தும் சின்னது. ஆளுக்குப் பத்து என்றாலும் 150. அதற்குள் முதல் தாய் இன்னும் மூன்று ஈத்துப் போட்டிருக்கும். ஏற்கெனவே 15 மீன் இருக்கும் 60 லிட்டரில், தாராளமாகக் கணக்கிட்டாலும் இன்னும் எட்டுப் பத்துக்கு மேல் இடமில்லை.

ஆகவே குட்டிகளை ஒன்றும் செய்யாமல் தொட்டியிலேயே விட்டுவிடுவதும் ஒரு நல்ல முடிவுதான். இதைச் சொன்னால் கல்நெஞ்சம் என்பார்கள். ஆனால் 34-ஐயும் அள்ளி, நெருக்கி, நோஞ்சானாக வளர்த்து, கடைசியில் கொடுக்க ஆளில்லாமல் தவிப்பதில் என்ன கருணை இருக்கிறது? ஓடையில் பிறக்கும் கப்பிகளில் பெரும்பாலானவை வளர்வதில்லை. தாய் அத்தனை பெறுவதே அதனால்தான். பாசி அடர்த்தியாக இருந்தால் கொஞ்சம் தப்பும், குறைத்துவிட்டால் இன்னும் குறையும். பாசியைக் கூட்டிக் குறைப்பதே எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் கைப்பிடி. மற்ற மீன்கள் தின்பது பிடிக்காதவர்கள் அந்தக் கைப்பிடியைத் தொட வேண்டாம், ஆனால் இடத்தை முதலில் தயார் செய்துகொள்ள வேண்டும்.

தாயைப் பிரசவப் பெட்டியில் அடைப்பது பற்றியும் கேட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிறைமாதத் தாயைக் கையளவு பெட்டியில் நாள்கணக்கில் அடைத்தால் அது மிரண்டு, காலத்துக்கு முன்பே பெற்றுவிடுவதும் உண்டு, செத்துப்போவதும் உண்டு. தாயைத் தொடாமல், பிறந்த குட்டிகளில் தேவையானதை மட்டும் பெட்டிக்கு எடுப்பது மேல். அந்தப் பெட்டியும் பெரிய தொட்டிக்குள்ளேயே தொங்கினால், ஃபில்டர் நீர் விழும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தால், தனி டப்பாவின் தொல்லை எதுவும் இல்லை.

முட்டையிடும் மீனாக இருந்திருந்தால்

இங்கே கப்பி என்பதால் வேலை எளிதாக இருந்தது. கண்ணாடியில் கோரிடோராஸ் முட்டை ஒட்டியிருந்து, அதிலிருந்து குஞ்சு வந்திருந்தால் வழி வேறு. மஞ்சள்கருப் பை வற்றி, தானாக நீந்தத் தொடங்கும்வரை தீனியே போடக்கூடாது. போட்டால் அழுகும், அவ்வளவுதான். அதன் பிறகும் தூள் வாயில் நுழையாத இனங்களுக்கு இன்ஃபுசோரியா எனும் நுண்ணுயிர்த் தீனி வேண்டும். பிரிசில்நோஸ் பிளீக்கோ என்றால் ஆண் மீனே குகையில் முட்டையைக் காத்து விசிறிக்கொண்டிருக்கும், அதைக் கலைக்காமல் இருந்தால் போதும். கன்விக்ட் சிக்லிட் என்றால் நிலைமை தலைகீழ்: குஞ்சுகளுக்கு ஆபத்து இல்லை, மற்ற மீன்களுக்குத்தான். பெற்றோர் இரண்டும் சேர்ந்து தொட்டியில் இருப்பதையெல்லாம் ஒரு மூலைக்கு விரட்டிவிடும். எந்த இனம் என்று தெரியாமல் “குஞ்சு வந்திருக்கு, என்ன செய்ய?” என்று கேட்டால் சரியான பதில் சொல்ல முடியாமல் போவது இதனால்தான்.

பிரிப்பும் விநியோகமும்

நான்காவது வாரத்திலிருந்து குதத்துடுப்பைக் கவனிக்க ஆரம்பித்தோம். கண்ணாடிக் குடுவையில் ஒவ்வொன்றாக எடுத்து, பக்கவாட்டில் வெளிச்சம் காட்டிப் பார்ப்பது. பெண் குட்டிக்கு வாலை ஒட்டிய கருந்திட்டு முன்னரே தெரிந்துவிடும். ஆணுக்குத் துடுப்பு கூராகத் தொடங்கும், பிறகே நிறம் வரும். நிறத்துக்காகக் காத்திருந்தால் தாமதம், அதற்குள் அண்ணன் தங்கை என்று பார்க்காமல் சேர்ந்துவிடும். பழைய ஈத்தின் இரண்டையும் சேர்த்து 25-இல் ஆண் 11, பெண் 14.

அப்போது ஒரு யோசனை வந்தது: ஊருக்கு வெளியே உள்ள குளத்தில் விட்டுவிட்டால் என்ன, கொசுவையாவது ஒழிக்குமே. சொன்னவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். கொசு ஒழிப்புக்கென்று உலகெங்கும் கப்பியை விட்டது உண்மை. மூடிய நீர்த்தொட்டிகளில் விடுவது ஒரு கதை, திறந்த குளமும் ஓடையும் வேறு கதை. தென் அமெரிக்காவின் வடகிழக்கையும் டிரினிடாட்டையும் சேர்ந்த இந்த மீன் இன்று அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், டிரினிடாட் கப்பிகளில் சினையான ஒற்றைப் பெண்ணைத் தனியே விட்டே பெரும்பாலான தொட்டிகளில் ஒரு கூட்டத்தை உருவாக்கிக் காட்டினார்கள். நம் வீட்டில் நடந்ததும் அதுதானே. போதாததற்கு வீட்டு மீனோடு கமல்லானஸ் போன்ற குடற்புழுக்களும் குளத்துக்குப் போகும். அங்குள்ள மீன்களின் முட்டையையும் குஞ்சையும் கப்பி தின்னும். ஒரு குட்டிகூடக் குளத்துக்குப் போகக்கூடாது என்பதில் நான் கொஞ்சம் கறாராகவே பேசிவிட்டேன்.

எட்டு ஆண்களை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள், தனியாக 40 லிட்டர் தொட்டியில். மீதி ஆண்கள் மூன்றும் பெண்கள் ஐந்தும் தெரிந்தவர்கள் இருவரின் தொட்டிகளுக்குப் போயின. ஒன்பது பெண்களை மீன் கடை எடுத்துக்கொண்டது, பதிலுக்குத் தீனி கொடுத்தார்கள். பெண்களை வாங்கியவர்களிடம் ஒரு விஷயம் மறைக்காமல் சொல்லப்பட்டது: நான்காவது, ஐந்தாவது வாரத்தில் பிரித்தோம், ஆனாலும் முந்திக்கொண்ட ஆண் ஒன்றிரண்டு இருந்திருக்கலாம், சினை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஈத்து

பெரிய தொட்டியில் இருந்த மூன்று தாய்களில் அதே மீன், சுமார் நான்கு வாரத்தில், மறுபடி பெற்றது. ஆண் பக்கத்திலேயே இல்லை. இந்தத் தடவை வலை வெளியே வரவில்லை. ஃபில்டர் குழாய்முனையில் பஞ்சு ஏற்கெனவே செருகியாகிவிட்டது, பாசியைப் பாதியாக வெட்டியிருந்தார்கள், டெட்ராக்களுக்கு வழக்கமான தீனிதான். ஒரு வாரம் கழித்துப் பாசிக்குள் நான்கைந்து குட்டிகள் தென்பட்டன. மகள் அவற்றுக்காகத் தூளைப் பாசிக்குள்ளேயே ஒரு சொட்டுக் குழாயால் விடுகிறாள், பெரிய மீன்கள் அந்த இடத்துக்கு வராமல் இருக்க மறுமூலையில் முதலில் தீனி போட்டுவிட்டு. அவளாகக் கண்டுபிடித்த வழி, நானும் இப்போது அதையே செய்கிறேன்.

மற்ற இரண்டு பெண்களில் ஒன்றின் வயிறு கோணம் விழத் தொடங்கியிருக்கிறது. இன்னொன்று இதுவரை பெற்றதாகத் தெரியவில்லை. ஆனால் முதல் ஈத்தே யார் கண்ணிலும் படாமல் போன தொட்டி இது. வாங்கிய தேதியிலிருந்து எட்டு மாதம் எண்ணி நாட்காட்டியில் குறித்திருக்கிறார்கள். அதுவரை எந்த மாதமும் ஈத்து வரலாம் என்பது கணக்கு. வந்தால் வைத்துக்கொள்ள ஆண்கள் தொட்டியில் நான்கு மீனுக்கு இடம் உண்டு.